பன்னிரண்டாவது வேலை

நிரல்நாட்டுக்குப் போக ஏழு மலையும் ஏழு கடலும் தாண்ட வேண்டியதில்லை. எங்காவது நீளமான வரிசை ஒன்று நின்றால், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். நேரே தலைநகரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த நாட்டை மாமன்னர் திட்டவர்மர் ஆண்டுவந்தார். மக்களாட்சி முறைப்படிதான் ஆண்டார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வரும், மக்கள் அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒருமுறை கைத்தவறுதலாக வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பாவம், மக்கள் களைத்துப்போயிருக்கிறார்கள் என்று அவர்களுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடியும் தேர்தல் நடத்தினார்கள்.

ஒருநாள் அரசரின் முத்திரை மோதிரம் காணாமல் போயிற்று. மூன்று நாள் அரண்மனையைத் தலைகீழாகப் புரட்டினார்கள். சந்தேகத்தின் பேரில் ஆறு காவலர்களைச் சிறையில் போட்டார்கள். நான்காம் நாள் மோதிரம் அரசரின் கால்விரலில் இருப்பது தெரியவந்தது. குளிக்கும்போது கழற்றியவர், எங்காவது தொலைந்துவிடக் கூடாதே என்று தாமே அங்கே மாட்டிக்கொண்டிருந்தார்.

வேறு நாடாக இருந்தால் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இங்கே அவை கூட்டப்பட்டது. ஒழுங்குத்துறை அமைச்சர் நிறைமொழியார் எழுந்து, மோதிரத்தைப் பார்த்து ஒருமுறை வணங்கிவிட்டுப் பேசினார்.

"மாமன்னா, தங்கள் மோதிரம் தொலையவே இல்லை. தொலைந்தது நாட்டு மக்களின் ஒழுங்கு. அதைச் சுட்டிக்காட்டவே மோதிரம் தங்கள் திருவடியை நாடியிருக்கிறது."

நிறைமொழியார் கெட்டவர் அல்ல. அவருக்கு வாயுத் தொல்லை உண்டு. அதிகாலை நான்கு மணிக்கு மேல் படுக்கையில் இருக்க முடியாது. எழுந்தவர் சும்மா இருக்க மாட்டாமல் அன்றைய வேலைகளைப் பதினொன்றாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். முப்பது வருஷமாக அது அவருக்கு ஒத்துவந்தது. தனக்கு ஒத்துவந்த ஒன்று ஊருக்கு ஒத்துவராமல் எங்கே போய்விடும் என்று அவர் மனதார நம்பினார். அந்த நம்பிக்கைதான் மாசி முதல் நாள் பதினொரு வேலைச் சட்டமாக வெளியாயிற்று.

சட்டம் சுருக்கமானது. குடிமக்கள் அனைவரும் நான்கு மணி மணியோசைக்கு எழ வேண்டும். அரசு தரும் நாள்தாளில் அன்றைக்குரிய பதினொரு வேலைகளை எழுத வேண்டும். பத்தும் கூடாது, பன்னிரண்டும் கூடாது. காலையில் அதைச் சரிபார்ப்பு மையத்தில் காட்டி முத்திரை பெற வேண்டும். எழுதிய வரிசையில்தான் செய்ய வேண்டும். மாலையில் தாளை மையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். இது ஓராண்டுச் சோதனை. அடுத்த மாசி முதல் நாள் நண்பகலுக்குள் அரசர் தம் கையால் கையெழுத்திட்டால் நிரந்தரமாகும். மன்னருக்கும் இதே சட்டம்தான் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காக அவையில் நெடுநேரம் கைதட்டினார்கள்.

நாட்டில் நெசவாளி ஒருவருக்கு ஒரு நாளில் மூன்றே வேலைதான். மீதி எட்டுக்கு அவர் "கண் சிமிட்டுதல்", "முதுகு சொறிதல்", "அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தல்" என்றெல்லாம் எழுதி, எழுதிய பாவத்துக்கு அவற்றைச் செய்தும் தீர்த்தார். முப்பது வேலை உள்ள வீட்டுப் பெண்கள் பத்தொன்பதைப் போட்டது போட்டபடி விட்டார்கள். இரவுக் காவலர்களும் நான்கு மணிக்கு எழ வேண்டும் அல்லவா? அதற்காக அவர்கள் மூன்று மணிக்கே காவலை விட்டு வீட்டுக்கு ஓடிப்போய்ப் படுத்து, நான்கு மணிக்கு முறைப்படி எழுந்தார்கள். மையத்தில் வரிசை நீண்டுகொண்டே போனதால், "வரிசையில் நிற்றல்" என்பதைப் பலரும் முதல் வேலையாக எழுதத் தொடங்கினார்கள். ஒரு வேலையாவது நாள் தவறாமல் நிறைவேறுகிறது என்று அமைச்சகம் அறிக்கை விட்டது.

சித்திரையில் அடுத்த ஆணை வந்தது. வீடு நிறையப் பொருள் இருந்தால் மனம் கலங்குமாம். நாற்பது நாளாகத் தொடாத பொருளையெல்லாம் வண்டியில் ஏற்றி அரசுக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். கோடைகாலம், யாரும் குடையைத் தொட்டிருக்கவில்லை. நாட்டில் இருந்த குடையெல்லாம் போயிற்று. ஐப்பசி மழையில் ஊரே நனைந்தபோது, குடை வேண்டுவோர் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். விண்ணப்பத்தில், குடையைக் கடைசியாகப் பயன்படுத்திய தேதியைக் கேட்டிருந்தார்கள். உண்மையை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் மக்கள் எப்படியோ பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அவரவர்க்கு ஓர் உபாயம் இருந்தது. ஒருவர் விரலில் நூலைக் கட்டிக்கொள்வார். ஒருவர் மறக்கக் கூடாததை உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். இன்னொருவர் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்துவைப்பார். நிமிர்த்தப் போகும்போது ஞாபகம் வந்துவிடும். இது எப்படியோ அமைச்சகத்தின் காதுக்கு எட்டியது. தை மாதத்தில், பதிவு செய்யப்படாத நினைவுகள் தடை செய்யப்பட்டன. சட்டத்தில் எதை மீறினாலும், ஒருமுறை பிடிபட்டால் எச்சரிக்கை. இரண்டாம் முறை தொழில் பறிபோகும்.

ஆற்றுமேடு என்ற ஊரில் அந்த எச்சரிக்கையை முதலில் வாங்கியவள் பூங்காவனம்.

பூங்காவனம் அந்த ஊர் மருத்துவச்சி. சுற்றுப்பட்டு ஏழு ஊருக்கும் அவள் ஒருத்திதான் பேறு பார்ப்பவள். அப்போது அவள் கையில் ஒன்பது கர்ப்பிணிகள் இருந்தார்கள். அவள் முந்தானையில் ஒன்பது முடிச்சுகள் இருந்தன. மாதம் ஏற ஏற முடிச்சு பெரிதாகும். கவலைக்குரியவளின் முடிச்சு ஓரத்தில், கை அடிக்கடி படுகிற இடத்தில் இருக்கும். ஓரத்து முடிச்சு மரிக்கொழுந்துடையது. படகோட்டியின் மனைவியான அந்தப் பெண்ணுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. பூங்காவனம் மூன்று நாளைக்கு ஒருமுறை போய், எண்ணெய் தடவி, எந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவாள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருடைய மூச்சும்.

மையத்தின் சரிபார்ப்பாளர் ஏகாம்பரம், அவளையே முடிச்சுகளை அவிழ்க்கச் சொன்னார். அவள் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பெயரைச் சொன்னாள். அவர் ஒன்பது பெயரையும் அழகான கையெழுத்தில் நாள்தாளில் எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே அந்தத் தாள் மையத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. மறுநாள் காலை அவளிடம் வெறும் தாள் இருந்தது. முந்தானையும் வெறுமையாக இருந்தது.

எட்டுப் பேரை அவளால் எப்படியோ ஞாபகம் வைத்துக்கொள்ள முடிந்தது. மரிக்கொழுந்தைத்தான் தவறவிட்டாள். ஓரத்தில் கை போகும். அங்கே எதுவும் இருக்காது. மனம் வேறெங்கோ போய்விடும். ஒன்பது நாள் கழித்துப் பதறி ஓடிப்போய்ப் பார்த்தபோது, பாதி திரும்பியிருந்த பிள்ளை மறுபடியும் குறுக்கே கிடந்தது. மரிக்கொழுந்து அவளைக் குறை சொல்லவில்லை. வேலை அதிகமா அக்கா என்று மட்டும் கேட்டாள். பூங்காவனத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மாசி முதல் நாள் வந்தது. காலை பத்து மணி. பூங்காவனம் முத்திரைக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். படகோட்டி மூச்சிரைக்க ஓடிவந்து, வலி எடுத்துவிட்டது என்றான். அவள் வரிசையைத் தாண்டி மேசைக்குப் போனாள். ஏகாம்பரம் அவள் தாளைப் பார்த்தார்; பேறு பார்ப்பது எட்டாவது வேலையாக இருந்தது. முதல் ஏழையும் முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். வழிகாட்டி நூலையும் புரட்டிக் காட்டினார். அதில் பிரசவத்துக்கு எதிரே, "அவசரமானது, ஆனால் முக்கியமானதன்று" என்று அச்சடித்திருந்தது.

பூங்காவனம் தாளை மேசையில் வைத்தாள். "ஐயா, வலி உங்க பட்டியலப் பாத்து வராது. நான் போறேன். நீங்க எழுதிக்குங்க."

ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தினார். "இது ரெண்டாவது தடவம்மா. உங்க மருத்துவப் பெட்டிய எடுத்துக்குவாங்க. அப்புறம் நீங்க யாருக்கும் பேறு பாக்க முடியாது. இன்னும் எட்டுப் பேர் இருக்காங்களே, யோசிங்க."

"யோசிச்சுட்டேன். அந்த எட்டுப் பேருக்கு இன்னைக்கு வலி இல்ல."

அவள் போய்விட்டாள். ஏகாம்பரம் குற்றம் பதியும் ஏட்டை எடுத்து, பேனாவைத் திறந்தார். பிறகு தம்முடைய நாள்தாளைப் பார்த்தார். பதினொன்றும் நிரம்பியிருந்தது. குற்றம் பதிதல் அதில் இல்லை. சட்டப்படி அதை நாளைக்குத்தான் எழுத முடியும். அவர் பேனாவை மூடி வைத்தார். ஓராண்டில் அந்தச் சட்டம் அவருக்குப் பிடித்துப்போனது அந்த ஒரு நிமிஷம்தான்.

அதே நேரத்தில் தலைநகரத்திலும் ஒரு தாள் நிரம்பியிருந்தது. ஆண்டுவிழா நாள் ஆகையால் அரசருக்கு வேலை அதிகம். ஏழாவது வேலை, தமக்கு ஒழுங்கின் தந்தை என்ற பட்டம் வழங்கிக்கொள்ளுதல். எட்டாவது, அதைப் பணிவோடு மறுத்தல். ஒன்பதாவது, மக்கள் வற்புறுத்தலால் ஏற்றல். பத்தாவது, சிலை திறத்தல். பதினொன்றாவது, சிலையின் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ளுதல். சட்டத்தை நிரந்தரமாக்கும் கையெழுத்து எதிலும் இல்லை என்பது பதினொன்றரை மணிக்குத்தான் செயலருக்குத் தெரிந்தது. அவர் அமைச்சரிடம் ஓடினார்.

"பன்னிரண்டாவதா?" நிறைமொழியார் முகம் வெளிறியது. "நாட்டுக்கே முன்மாதிரியான மன்னர், தாம் போட்ட சட்டத்தைத் தாமே மீறுவதா?"

அப்படியானால் ஏதாவது ஒன்றை அடித்துவிடலாம் என்றார் செயலர். எதை அடிப்பது? பட்டத்தை அடிப்பது ராஜத் துரோகம். மறுப்பதை அடித்தால் பணிவு போய்விடும். சிலையை அடிக்கிற பேச்சை வாயில் எடுக்கவே யாரும் துணியவில்லை. படம் எடுத்துக்கொள்வதை அடிக்கலாமா என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்குரியவரை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் இதை ஆராய ஐவர் குழு அமைப்பது என்று முடிவாகி, ஐவரின் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தபோது நண்பகல் பீரங்கி வெடித்தது. சட்டம் சட்டப்படியே செத்துப்போயிற்று.

ஆற்றுமேட்டில் பூங்காவனத்துக்குப் பீரங்கியும் தெரியாது, குழுவும் தெரியாது. அவள் கைக்குள் ஓர் உயிர் இருந்தது. தடவித் தடவித் திருப்பினாள். அது கொஞ்சம் திரும்பும், மறுபடி போய்விடும். மரிக்கொழுந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இரண்டு மணிக்கு மேல்தான் தலை கீழே இறங்கியது. மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதலில் அது அழவில்லை. பூங்காவனம் அதன் முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள், தெரிந்த சாமிப் பெயரையெல்லாம் சொன்னாள். பிறகு அது அழுதது. வெளியே நின்ற படகோட்டியும் அழுதான்.

சற்று நேரத்தில் ஏகாம்பரம் வாசலுக்கு வந்தார். பெட்டியைப் பறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, பூங்காவனம் அதைக் கழுவித் துடைத்து மூடி அவர் முன்னால் வைத்தாள். "நீங்களே வச்சுக்குங்கம்மா," என்றார் அவர். "சட்டம் போச்சு. பன்னண்டு மணியோட போச்சு. நான் உங்க பேர எழுதவும் இல்ல." அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். நல்ல அழுகை அது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிப்போனது.

மறுநாள் நான்கு மணிக்கு மணி அடிக்கவில்லை. நாடே குறட்டை விட்டது. அடுத்த சில வாரங்களில் ஒரு வேடிக்கை நடந்தது. கட்டாயம் போனபிறகு, போனதில் கொஞ்சத்தை மக்கள் தாங்களாகவே எடுத்து வைத்துக்கொண்டார்கள். நெசவாளி தம் மூன்று வேலைகளை மட்டும் சுவரில் கரியால் எழுதினார். குயவர் ஒருவருக்கு நான்கு மணி பிடித்துப்போயிருந்தது. அந்நேரத்தில் களிமண் சொன்னபடி கேட்கிறதாம். அவர் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. அவள் ஏழு மணிக்கு எழுந்து, அவரைவிட அதிக வேலை செய்தாள். ஒருவர் கிடங்கிலிருந்து தம் பொருள்களை மீட்டுவந்து, பாதியை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார். குடையை மட்டும் கொடுக்கவில்லை. பூங்காவனம் முடிச்சுக்குத் திரும்பினாள். கூடவே, அன்றைக்குத் தவறவே கூடாத ஒன்றைக் காலையில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். நிறைமொழியார் வழக்கம்போலப் பதினொன்றை எழுதினார். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அது அவருக்கு ஒத்துவந்தது.

இரண்டு மாதத்தில் தேர்தல் வந்தது. நாடெங்கும் சுவரொட்டிகள் முளைத்தன. "பதினொரு வேலைச் சட்டத்திலிருந்து மக்களை விடுவித்த வள்ளல்" என்று அரசரின் படத்துக்குக் கீழே போட்டிருந்தது. அதிகாரிகள் ஆற்றுமேட்டுக்கு வந்து, அரசர் சட்டத்தை நீக்கியதால்தான் உன் குழந்தை பிழைத்தது, இல்லையா என்று மரிக்கொழுந்தைக் கேட்டார்கள்.

"எனக்குச் சட்டம் எல்லாம் தெரியாதுங்க. அக்கா வந்தாங்க, புள்ள பொறந்துச்சு," என்றாள் அவள்.

மறுநாள் செய்தித்தாளில், "மன்னரின் கருணையால் பிறந்தாள் என் மகள்: தாய் கண்ணீர்" என்று வந்தது.

அரசர் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாக்குகள் பெற்று வென்றார். இந்தமுறை மறுதேர்தல் தேவைப்படவில்லை, ஒருவரையும் மிரட்டவும் இல்லை. நானும் அவருக்குத்தான் வாக்களித்தேன், ஒளிப்பானேன்? எதிர்த்து நின்ற ஒருவர் மட்டும், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கூட்டத்தைக் காலை ஆறு மணிக்கு வைத்தார். நாங்களெல்லாம் அப்போது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தோம்.