பாலத்துக் கோளாறும் பாதுகாப்புத் துறையும்

பழைய பொருளை ரிப்பேர் செய்வது குற்றமா என்று கேட்டால், கொஞ்ச நாள் முன்பு வரை யாரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது சிரிக்க முடியாது. சட்டம் வந்துவிட்டது. கால் நூற்றாண்டு கடந்த விளையாட்டுச் சாதனங்கள் யாவும் தொன்மைப் பொருட்கள் என்றும், அவற்றை அசல் நிலையிலேயே பேணுவது குடிமக்களின் தலையாய கடமை என்றும், அசல் நிலை என்பது அசல் கோளாறையும் உள்ளடக்கும் என்றும் மேற்படி சட்டம் ஐயம் திரிபறச் சொல்கிறது.

எல்லாம் ஒரு ஃபேஷனால் வந்த வினை. வசதியானவர்கள் பழைய வீடியோ கேம் கேசட்டுகளை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி, வரவேற்பறையில் விளக்குப் போட்டு வைக்க ஆரம்பித்தார்கள். விளையாட அல்ல, விளையாடினால் மதிப்புக் குறைந்துவிடுமாம். உறை பிரிக்காத கேசட்டுக்கு மரியாதை. ஓடாத கேசட்டுக்கு அதைவிட மரியாதை, ஏனென்றால் அதை யாரும் விளையாடியிருக்கவே முடியாது. இந்த மோகம் ஒரு மந்திரி வீட்டு வரவேற்பறையை எட்டியதுதான் தாமதம், தொன்மைப் பொருள் அசல்நிலைப் பாதுகாப்புத் துறை பிறந்துவிட்டது. அதற்கு ஒரு மாடிக் கட்டடமும், ஒரு கண்காணிப்பாளரும், வேலை செய்யாத ஒரு லிஃப்ட்டும் ஒதுக்கப்பட்டன. லிஃப்ட்டை ரிப்பேர் செய்யக் கொள்கை இடம் கொடுக்கவில்லை.

இந்தத் துறையிடம் மாட்டிக்கொண்டவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். பகல் முழுக்கப் பொடித் திருகாணிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வரும் மனிதர் என்ன செய்வார்? அதைவிடப் பொடியான திருகாணிகளைத் தேடுவார். பழைய கேசட்டைப் பிரிப்பார். உள்ளே இருக்கும் பச்சைப் பலகையின் செம்புப் பற்களை ரப்பர் வைத்துத் தேய்ப்பார். பற்றுவிட்ட இடத்தில் ஈயம் வைப்பார். மூடி, விளையாட்டுப் பெட்டியில் சொருகுவார். திரையில் பெயர் வந்து, பின்னாலேயே பாட்டும் வந்துவிட்டால் ஜென்மம் சாபல்யம். உடனே அணைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். விளையாடவே மாட்டார். சமைத்து முடித்ததும் பசி போய்விடுகிற ரகம்.

அவர் மனைவியிடமும் ஒரு கேசட் இருந்தது. அதில் குடைக்காரன் என்று ஒருவன் குடையைச் சுழற்றிக்கொண்டு ஓடுவான், தாண்டுவான். மூன்றாவது கட்டத்தில் நடுவே உடைந்த ஒரு பாலம் வரும். அங்கே என்ன செய்தாலும் பொத்தென்று ஆற்றில் விழுந்துவிடுவான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். கேசட்டில் கோளாறு என்பதில் மனைவிக்கும் அவருடைய அக்காவுக்கும் கருத்து வேற்றுமையே இல்லை. கோளாறு யாரால் வந்தது என்பதில்தான் சண்டை. தங்கை எச்சில் தெறிக்க ஊதிக் கெடுத்தாள் என்பது அக்கா கட்சி. அக்கா மேலே உட்கார்ந்து கெடுத்தாள் என்பது தங்கை கட்சி. இருவருக்கும் கல்யாணமாகி வெவ்வேறு ஊருக்குப் போன பிறகும் வழக்கு முடியவில்லை. பிரசவமோ, வீடு மாற்றமோ, எதற்காகப் போன் பேசினாலும் கடைசியில் கேசட்டில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். போன வருஷம் முட்டியதிலிருந்து பேச்சே இல்லை.

இப்போது அக்கா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். அன்றைக்கு அக்கா கண் முன்னாலேயே முதல் தடவையாகக் குடைக்காரனைப் பாலம் தாண்டவைத்து, இந்த வழக்கை ஒரேயடியாகத் தலைமுழுகிவிட வேண்டும் என்பது தங்கையின் ஆசை. கண்ணாடிக்காரர் அதற்காகத்தான் மாதக்கணக்கில் பின்னறையில் ஈயப் புகை குடித்தார். ஒருநாள் மூடிச் சொருகியதும் பெயர் வந்தது, பாட்டு வந்தது. அவருக்கு அது போதும், பாலம் வரை போய்ப் பார்க்கவில்லை. ஆனந்தத்தில், ‘பரம்பரைக் கோளாறு ஒழிந்தது’ என்று கேசட் ரசிகர் குழுவில் படம் போட்டார். அந்தக் குழுவில் துறையும் ரசிகராக இருந்தது.

நோட்டீஸ் வந்தது. தங்கள் வசமுள்ள தொன்மைப் பொருளிலிருந்து அசல் கோளாற்றைத் தாங்கள் அனுமதியின்றி அகற்றியதாகத் தெரியவருகிறது, அதை முன்பிருந்த இடத்தில் முன்பிருந்தவாறே பொருத்திவைக்க வேண்டும், தவறினால் பொருள் பறிமுதல் செய்யப்பட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்படும், ஆய்வு சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வரும்போது கேசட் இல்லை என்றால், அதையும் தங்கைதான் தொலைத்தாள் என்று புது வழக்குத் தொடங்கும்.

மாடிப்படி ஏறி மூச்சு வாங்கக் கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றார்.

“கழட்டின கோளாறை எங்க வெச்சிருக்கீங்க?” என்றார் கண்காணிப்பாளர்.

“கோளாறு அப்படித் தனியாக் கையில வராதுங்க சார்.”

“கழட்டினா வராம எங்க போகும்? சரி, அது என்ன கோளாறு?”

“எனக்கே சரியாத் தெரியாது சார். எல்லாத்தையும் தொடச்சேன், எல்லாத்துக்கும் ஈயம் வெச்சேன். பாட்டு வந்துச்சு.”

“என்ன கோளாறுன்னே தெரியாம எப்படி ரிப்பேர் பண்ணீங்க?”

அந்தத் துறை தொடங்கிய நாளிலிருந்து அங்கே கேட்கப்பட்ட நியாயமான கேள்வி அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து கோளாறு பொருத்தும் பணியில் இறங்கினார். சரிசெய்வது எளிது, சரியாகக் கெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பலகையில் இருக்கும் சில்லின் ஒரு காலை எடுத்துவிட்டால் திரையே வரவில்லை. அது கோளாறு மிகை, தனிக் குற்றம். இன்னொரு காலை எடுத்தால், பெயர்த் திரையில் தானாக ஓடும் குடைக்காரன் தலைகீழாக ஓடினான். பரண் தூசியை அள்ளித் தூவிப் பார்த்தார். தூசி இந்தக் காலத்தது என்று கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து அதையும் ஊதிவிட்டார். சனிக்கிழமை விடிந்தபோது கேசட் பழையபடி சுத்தமாக, நன்றாக, சட்டவிரோதமாக இருந்தது. நடப்பது நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மனைவி அக்காவுக்காகக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் கண்காணிப்பாளர் வந்தார். கூடவே துறையின் உதவி ஆய்வாளரான ஓர் அம்மாவும் வந்தார். பதவி உயர்வுக்கான அவருடைய ஃபைல் கண்காணிப்பாளர் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரம் அது. கண்காணிப்பாளர் கைக்குட்டை விரித்து உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்கைச் செங்கோல் மாதிரி பிடித்தார். குடைக்காரன் ஓடினான். முதல் கட்டம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. பாலம் வந்தது. கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

பொத்.

“மறுபடியும் பார்க்கணும்” என்றார் கண்காணிப்பாளர். பொத். சட்டைக் கையை மடித்துவிட்டார். பொத். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, உடம்பையே வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். குடைக்காரன் விழுந்தான், கண்காணிப்பாளரும் நாற்காலியிலிருந்து பாதி விழுந்தார். கண்ணாடிக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினார். கண்காணிப்பாளர் முகம் துடைக்கப் பால்கனிக்குப் போனார். ஜாய்ஸ்டிக் அந்த அம்மாவின் கைக்கு வந்தது.

அந்த அம்மா பாலத்தின் விளிம்பு வரை ஓடவிட்டு, பொத்தானைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திப் பிடித்தார். குடை விரிந்தது. குடைக்காரன் மிதந்துபோய் அக்கரையில் நின்றான். பால்கனியில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மா திரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தன் ஃபைலை நினைத்துப் பார்த்தார். குடைக்காரனைத் திருப்பி நடத்திக்கொண்டுவந்து, ஆற்றில் இறக்கிவிட்டார். இதை அந்த அம்மாவையும் நம்மையும் தவிர யாரும் பார்க்கவில்லை.

“உங்களுக்கும் விழுதா?” என்றார் கண்காணிப்பாளர்.

“நல்லா விழுது சார்.”

கண்காணிப்பாளர் கண்ணாடிக்காரரின் தோளில் தட்டிக்கொடுத்தார். துறைக்கே உரிய திறமை உங்களிடம் இருக்கிறது என்று மனமாரப் பாராட்டி, அங்கேயே சான்றிதழ் எழுதினார். மேற்படி கோளாறு உற்பத்தியின்போதே உண்டான பிறவிக் கோளாறு. எந்தத் தனி நபரின் செயலாலும் ஏற்பட்டதல்ல. தற்போது முழு ஆரோக்கியத்துடன் உள்ளது. கையெழுத்து, முத்திரை. கண்ணாடிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பேய் பிடித்த கேசட்டாக இருந்தாலும் சரி, கேசட் தப்பியது போதும் என்று இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். வணக்கம், நலம், பயணம் எல்லாம் வாசலோடு முடிந்தன. இரண்டு பேரும் பெட்டி முன்னால் உட்கார்ந்தார்கள். தங்கை ஆடினார். பொத். “இன்னும் ஊதுற வழக்கம் போகல போலிருக்கு” என்று அக்கா ஆரம்பித்தார். அக்கா ஆடினார். பொத். “எந்திரிச்சுப் பாருக்கா, கீழ ஏதாவது நசுங்கிக் கிடக்கும்” என்றார் தங்கை. நிலைமை எங்கே போகும் என்று தெரிந்த கண்ணாடிக்காரர், ஓடிப்போய்ச் சான்றிதழை எடுத்துவந்து நடுவில் நீட்டினார்.

அக்கா படித்தார். எந்தத் தனி நபரின் செயலாலும் ஏற்பட்டதல்ல என்ற இடத்துக்கு வந்ததும் தாளை இறக்கிவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

“நீ இல்லடி.”

“நீயும் இல்லக்கா.”

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கவர்ன்மென்டே சொல்லிவிட்ட பிறகு நமக்குள் என்ன சண்டை என்று அக்கா மூக்கை உறிஞ்சினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார்கள்.

“பொறவிக் கோளாறுன்னா, இவ்வளவு நாளா அந்த ரூம்ல என்னதாங்க பண்ணீங்க?” என்றார் மனைவி.

“பாவம்டி, தம்பிக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்” என்றார் அக்கா.

கோளாறு எப்போதோ போய்விட்டது, உங்கள் இரண்டு பேருக்கும் விளையாடத் தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தார் கண்ணாடிக்காரர். சொன்னால் வீடு என்ன ஆகும் என்று தோன்ற, வாயை மூடிக்கொண்டார். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. அக்காவும் தங்கையும் கைகோத்துக்கொண்டு டீ போடப் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தார்.

பொத். பொத். பொத்.

சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஆற்றில் வட்டம் வட்டமாக எழும் அலையைக் கண்ணாடிக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் படித்தவர், பதவியில் இருப்பவர், சும்மா எழுதித்தருவாரா என்று தோன்றியது. அந்த மனுஷனைப் போய் மனசுக்குள் எவ்வளவு திட்டிவிட்டோம் என்று கூச்சமாகவும் இருந்தது. பெட்டியை அணைத்தார். கேசட்டை வெளியே எடுத்தார். பிறவிக் கோளாறு எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிடுவதாக, திருப்புளியை எடுத்து முதல் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார்.