ஒன்பது வருடம் நான் வளர்த்த முட்செடி

சேன்-ஒப்ரி கிராமம்,
லேயோன் ஆற்றங்கரை,
செப்டம்பர் 3.

மதிப்பும் பாசமும் ஒருங்கே பெற்ற மாப்பிள்ளை எவ்ரார் அவர்களுக்கு, மச்சான் ஃபிர்மென் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மார்செலினும் திராட்சைக் கொடிகளும் சுகம். மார்செலினின் மூட்டுவலி போன கடிதத்தில் விட்ட இடத்திலேயே இருக்கிறது. அங்கே தாங்களும் என் தங்கை ஒதிலும் சுகமாகவே இருப்பீர்கள். ஆஞ்சே மாதிரி நகரத்தில், நோட்டரி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கேடு? கேடெல்லாம் எனக்குத்தான் வந்திருக்கிறது, அதுவும் சைக்கிளில்.

என் மேல் தோட்டத்துக்கும் கீழ்த் தோட்டத்துக்கும் நடுவே ஆற்றுக்கு இறங்கும் ஊர்ப்பாதை தங்களுக்குத் தெரியும். நானூறு மீட்டர். அதை நான் வாங்கிவிட்டால் இரண்டு தோட்டமும் ஒன்றாகும், சாவதற்குள் ஒரே துண்டாகப் பார்த்துவிடுவேன். யாரும் நடக்காத பாதை என்று நிரூபித்தால்தான் ஊராட்சி விற்கும் என்று சொன்னதும் தாங்களே, மனு எழுதிக் கொடுத்ததும் தாங்களே. அதற்காக ஒன்பது வருடம் அந்தப் பாதையில் நானே கால் வைக்கவில்லை. கீழ்த் தோட்டத்துக்குப் போக டிராக்டரைத் தார் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் சுற்றி ஓட்டினேன். முள் முளைத்தால் வெட்டவில்லை, வளரவிட்டேன். ஊரில் எல்லாரும் திராட்சை வளர்க்க, நான் ஒருவன்தான் முட்செடியைப் பிள்ளை மாதிரி வளர்த்தேன்.

ஏப்ரல் மாதம் அந்த முள்ளுக்குள்ளிருந்து மூன்று பேர் சைக்கிளோடு வெளியே வந்தார்கள். முழங்காலில் ரத்தம், மூஞ்சியில் சேறு, வாயெல்லாம் பல். வழி தவறிய அப்பாவிகள் என்று நினைத்தேன். "போன்ஜூர்!" என்றார்கள். அவர்கள் முதலில் சொல்லிவிட்டால் பதிலுக்குச் சொல்லாமல் இருக்க நான் என்ன காட்டானா? சொன்னேன். அங்கேதான் பிடித்தது சனி.

"ஐயா, கீழ வழி எப்படி இருக்கு?"

"மோசம். கல்லு, சேறு, முள்ளு. மனுசன் போற வழியே இல்ல. திரும்பிப் போங்க, தார் ரோடு சூப்பரா இருக்கு."

தார் ரோடு என்றதும் முகம் சுருங்கிற்று. கல், சேறு என்றதும் மலர்ந்தது! "ரொம்ப நன்றிங்க ஐயா, இதத்தான் காலையிலிருந்து தேடிக்கிட்டு இருந்தோம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். சரளைக்கல்லில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிளாம், மாப்பிள்ளை. ஒரு பழைய கார் விலை. அவ்வளவு பணம் கொடுத்து, அரசாங்கம் வரிப்பணத்தில் போட்ட ரோடு இருக்க, என் கழுதை மறுத்த சரிவைத் தேடிக் காசு செலவு பண்ணி வருகிறார்களே, இவர்களுக்கு ஓட்டுரிமை வேறு இருக்கிறது.

விடுவேனா? பலகை வைத்தேன். 'இது பாதை அல்ல. குழி, கல், சேறு உண்டு. எலும்பு முறிந்தால் பொறுப்பல்ல.' அந்த ஞாயிறு பதினோரு பேர் பலகை பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அடுத்த ஞாயிறு முப்பத்துநாலு பேர். இடிந்த சுவரின் கல்லை டிரெய்லரில் இரண்டு நடை அள்ளிக் கொட்டினேன். ஒருத்தன் இறங்கி வந்து என் கையைக் குலுக்கி, "இங்க கொஞ்சம் வழவழன்னு இருந்துச்சு, இப்பதான் சரியா இருக்கு" என்றான். டிராக்டரைக் குறுக்கே நிறுத்தினேன். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு டிராக்டர் மேல் ஏறி இறங்கினார்கள், என்னவோ யாத்திரை வந்தவர்கள் மாதிரி. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று இப்போதுதான் புரிகிறது.

மார்செலின் இருக்கிறாளே, அவள் வேறு. "நீங்க விரட்டலங்க, விருந்து வைக்கிறீங்க" என்று கிண்டல். சும்மா கிண்டலோடு போயிருந்தால் பரவாயில்லை. வாதுமை மரத்தடியில் மேசை போட்டுத் தண்ணீர் வைத்தாள், அப்புறம் ஆட்டுப்பால் சீஸ், அப்புறம் நம் ஒயினே குவளையில்! நாந்த் நகரத்துப் பல் டாக்டரம்மா ஒருத்தி, சைக்கிள் சங்கிலி அறுந்து, அதை நம் கொட்டகையில் போட்டுவிட்டு ரயிலில் போய்விட்டாள். "எங்க வீட்டுக்காரர் டிராக்டரே ரிப்பேர் பண்ணுவாரு, இது என்ன" என்று வாக்குக் கொடுத்தது யார்? உங்கள் மார்செலின் அக்காதான். ஒரு வாரமாக அந்தச் சனியன் என் மருந்து தெளிக்கும் யந்திரத்துக்கு இடம் விடாமல் நிற்கிறது.

இதற்கு நடுவில் என் மனுவை விசாரிக்கும் அதிகாரி தெசாந்தியே பாதையைப் பார்க்க வருகிறார் என்று கடிதம். என் மூளை வேலை செய்தது. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை இந்த நாட்டில் நாய்கூடத் தெருவில் நடக்காது, எல்லாரும் சாப்பாட்டு மேசையில். அதனால் மனுஷனை மதியச் சாப்பாட்டுக்கே அழைத்தேன். பாதைக்கு நேரே இருக்கும் ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தேன். பன்றி இறைச்சி விழுது, வெண்ணெய்ச் சாற்றில் ஆற்று மீன், பத்து வருட ஒயின். பன்னிரண்டரை, ஒன்று, ஒன்றேகால், பாதையில் ஓர் ஈ இல்லை. எனக்குப் பத்திரம் கையில் வந்தது போலிருந்தது. சீஸ் தட்டை நீட்டுகிறேன், பதினாலு பேர் வரிசையாக ஜன்னலில் போகிறார்கள். போகட்டும், என்ன செய்துகொண்டு போகிறார்கள்? ஒரு கையால் கைப்பிடி, மறு கையால் பளபள காகிதத்தைப் பல்லால் கிழித்து எதையோ மென்றுகொண்டு!

அதிகாரி கத்தியைக் கீழே வைத்தார். "மொசியே ஃபிர்மென், அவங்க சாப்பிட்டுக்கிட்டே ஓட்டுறாங்களா?"

"ஆமாங்க. நாட்டோட நெலம அப்படி."

"ஒரு மணி இருபதுக்கா?" அவருக்கு வேர்த்துவிட்டது. பாதை விஷயத்தைவிட அதுதான் அவரை வாட்டிற்று. காபி குடித்துத் தெளிந்த பிறகு, "இவங்க வெளியூரு, வழி தவறி வந்தாங்கன்னுகூட நான் எழுதிக்கலாம். ஆனா இந்த ஊர்க்காரர் ஒருத்தராவது இதுல போறதப் பார்த்தா என் கை கட்டுப்பட்டுடும், பாதைய விக்க முடியாது. வர்ற புதன்கிழமை ஒரு தடவ வருவேன், நேரம் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஊர்க்காரன் போவதாவது! மேயரம்மா நாய்க்கு முள் என்றால் பயம், மற்றவர்களுக்கு என்மேல் பயம். ஆகவே மாப்பிள்ளை, இந்தக் காரியம் பழம்தான். கிரயப் பத்திரத்தை இப்போதே எழுதி வையுங்கள். கையெழுத்தானதும் இரண்டு பக்கமும் இரும்புக் கதவு, பெரிய பூட்டு. பிறகு அந்தச் சேற்று மூஞ்சிகள் தார் ரோட்டில் மனிதர்களைப் போல ஓட்டட்டும், அல்லது ஓட்டாமல் வீட்டில் உட்காரட்டும்.

ஒதிலுக்கு என் ஆசி. குழந்தைகளுக்கு முத்தம். தங்களுக்கு இந்த வருட அறுவடையில் ஒரு பெட்டி நிச்சயம். இந்தக் கூத்தெல்லாம் முடிந்து நல்ல சேதியோடு சந்திப்போம்.

தங்கள் நலம் விரும்பும் மச்சான்,
ஃபிர்மென் கெரினோ

பி.கு: இந்தக் கடிதத்தை மார்செலின் தபாலில் போட மறந்துவிட்டாள். இன்று புதன், மாலை. கொட்டகையில் இடம் வேண்டுமே என்றுதான் அந்தச் சங்கிலியைச் சரிசெய்தேன். சரிசெய்தால் ஓட்டிப் பார்க்காமல் கொடுப்பது நம் பரம்பரையில் கிடையாது. யார் கண்ணிலும் படக்கூடாதென்று பன்னிரண்டரைக்கு எடுத்தேன், ஊரே சாப்பிடும் நேரம். ஏறி உட்கார்ந்ததுதான் தெரியும், சரிவு மீதியைப் பார்த்துக்கொண்டது. என் முள், என் கல், என் குழி, ஒவ்வொன்றும் அடிவயிற்றில் தெரிந்தது. ஒன்பது வருடமாக நான் பார்க்காத இடத்தில் காட்டுப் பீச் மரம் ஒன்று பழுத்து நிற்கிறது, மாப்ளே. நான் கத்தினேன். பயத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன், இல்லை, சந்தோஷம். ஆற்றங்கரையில் போய் நின்றால் எதிரே கல்லின்மேல் அதிகாரி தெசாந்தியே, மறைந்திருந்து பார்க்க வந்தவர், மடியில் நோட்டு, வாயில் பளபள காகிதம். "போன்ஜூர்" என்றார். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "வழி எப்படி இருக்கு?" என்று கேட்டார். "மோசம். ரொம்ப ரொம்ப மோசம்" என்றேன், பல்லெல்லாம் தெரிய. எழுதிக்கொண்டார். ஆகவே பத்திரம் வேண்டாம், கிழித்துப் போடவும். அதற்குப் பதிலாக, சைக்கிள் ஓட்டுவதற்கென்றே உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்த அரைக்கால்சட்டை ஆஞ்சேயில் கிடைக்குமாம். இடுப்பு நூற்றுநாலு சென்டிமீட்டர். உடனே அனுப்பவும், ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும். ஒதிலுக்குத் தெரிய வேண்டாம். கடைக்குப் போவதுதான் போகிறீர்கள், பெண்கள் அளவிலும் ஒன்று வாங்கிவிடுங்கள், மார்செலினுக்கு.