பட்டியலில் ஒரு வண்டி

வண்டியின் முன்சக்கரங்கள் கறகறவென்று பல்லைக் கடித்துவிட்டு நின்றன. குமரப்பன் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி, வீட்டின் உள்கட்டான வளவின் நடுவில் நின்றார். அறுபது வயதில் விளையாட்டு வண்டியை உடைத்தவர் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அது மருமகளின் வண்டி. அதுதான் பயம். கல்யாணம் ஆகிப் பன்னிரண்டே நாள். பெண் கொண்டுவரும் சாமான்களைப் பரப்பி வைத்து, பட்டியல் போட்டு வாசித்திருந்தார்கள். அதில் ஒரு கரண்டியைக்கூட மாமனார் தொடக் கூடாது என்பது குமரப்பன் சட்டம். பட்டியலை வாசிக்கத் தொடங்கியதுமே, "அடுத்தவுக பொருளுக்கு நான் எதுக்குக் காது கொடுக்கணும்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர் அவர். அந்தப் பெருமையை ஊர் இன்னும் பேசுகிறது. ஊர் மறந்தால் அவரே எடுத்துக் கொடுப்பார்.

அப்பேர்ப்பட்டவர் இன்று காலை சறுக்கிவிட்டார். திருக்கோஷ்டியூர் கோயிலுக்குக் கிளம்பும்போது மருமகள் சௌபர்ணிகா, "மாமா, வண்டிக்கு சார்ஜ் ஏறியிருக்கு" என்று மட்டும் சொன்னாள். மனைவி சீதையும் மகனும் அவளோடு போய்விட்டார்கள். வேலைக்கு வரும் சோணையம்மாள்கூடச் சந்தைக்குப் போயிருந்தாள். கை அரித்தது. மாடியிலிருந்து விழுந்தாலும் உடையாத வண்டி என்று அவள் சொல்லியிருந்தாளே! ஆனால், கல்தூணில் முட்டிய பிறகும் தூண்தான் நகர வேண்டும் என்பதுபோல் விசையை விடாமல் அழுத்துகிற ஆளைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

போன் அடித்தது. சீதை.

"சாமி கும்பிட்டாச்சு, கெளம்பிட்டோம். ஏன் இப்படி மூச்சு வாங்குறீக?"

"ஒண்ணுமில்ல."

வண்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பைக் மெக்கானிக் முத்தரசுவிடம் ஓடினார். அவன் அடிப்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தான்.

"லேசான வண்டிதாண்ணே. ஒரு மோட்டாரு. முன்னாலயும் பின்னாலயும் இழுக்க நடுவுல ஒரே ராடு. சாமான் கம்மியா இருந்தா கேடும் கம்மி. முன்பக்கப் பல்சக்கரம்தான் தேஞ்சு போச்சு."

"மாத்திரு."

"அது இங்க ஏது? முன்பக்கத்த உருவிருவோம். பின்சக்கரமே இழுத்துக்கிரும். சாமான் இன்னும் கம்மி."

உருவினான். எடுத்த பாகங்களைக் காகிதத்தில் மடித்து அவர் சட்டைப்பையில் போட்டான்.

வீட்டில் விட்டுப் பார்த்தார். ஓடியது. ஆனால் முன்னால் இழுக்க ஆளில்லாத வண்டி, வழவழத்த ஆத்தங்குடிக் கல் தரையில் வாலைச் சுழற்றிக்கொண்டு கிளம்பி, நடு முற்றத்தில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் போய் உட்கார்ந்தது. அதோடு சரி. எந்த விசைக்கும் அசையவில்லை.

மறுபடி போன். "குன்றக்குடி தாண்டியாச்சு. எல வாங்கி வச்சீகளா?"

குமரப்பனுக்கு நாக்கு உலர்ந்தது, வண்டிதான் உலரவில்லை. தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, வண்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தார். சற்று நேரத்தில் மேல்கூடு அப்பளம் போல் சுருண்டுகொண்டது.

வாசலில் கார் நின்றது.

மருமகளின் அப்பச்சி, சம்பந்தி சத்தியமூர்த்தி காதுக்கு இது போனால் என்ன ஆகும்? ஒரு கரண்டியைக்கூடத் தொடாதவர் என்ற பெயர், ஒரே காலையில் ஒழிந்தது. அதைவிட, அந்தப் பெண் இனி ஒரு பொருளை நம்பி வெளியே வைப்பாளா? குமரப்பன் சுற்றிலும் பார்த்தார். ஒளித்து வைக்க நேரமில்லை. வண்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

சௌபர்ணிகா உள்ளே வந்து பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"ஆத்தா, நான்தான் ஒடச்சேன்" என்றார். காகிதப் பொட்டலத்தையும் எடுத்து நீட்டினார். "இது அதுல மிச்சம். உங்கப்பச்சிகிட்ட மட்டும் சொல்லிராத."

"நீங்களா ஓட்டுனீக, மாமா?"

"ஆமா. புத்தி கெட்டுப்போய் ஓட்டிட்டேன்."

அவள் உதடு துடித்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சீதையின் தோளில் சாய்ந்துவிட்டாள். குமரப்பன் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குள் சந்தைப் பையோடு வந்துவிட்ட சோணையம்மாள், சுருண்ட வண்டியையும் உட்கார்ந்திருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமாவுக்கு வண்டி பிடிக்கலையோ, தொடவே மாட்டேங்குறாகளேன்னு பன்னெண்டு நாளா அந்தப் பொண்ணு பயந்து கெடந்துச்சு, அன்னைக்குப் பட்டியல் வாசிக்கையில எந்திரிச்சுப் போகாம இருந்திருந்தா, 'மாமனாருக்குக் கொடுக்குற சாமான், வண்டி ஒண்ணு'ன்னு வாசிச்சது உங்க காதுலயும் விழுந்திருக்கும்ல, ஐயா."