இரண்டடி இடது பக்கம்

முடிச்சூர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மருமகன் சுகுமார் அவர்களுக்கு,

மாமா ஞானையா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் கோவையில் நீங்களும் மகள் அருள்மேரியும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. முப்பத்தாறு வருடம் தபால் பட்டுவாடா செய்த நான் அந்த வரி இல்லாத கடிதத்தைப் பார்த்ததே இல்லை (அஞ்சலட்டைகளைச் சொல்கிறேன், உறை எதையும் பிரித்ததில்லை). ஆனால் எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. போனில் ஏற்கெனவே உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். உங்கள் அத்தை ரோஸி குளியலறையில் வழுக்கி விழவில்லை. அவளை விழவைத்தவன் நான். பணி ஓய்வுக்கு நீங்கள் வாங்கித் தந்த கேமராவும் அப்போது என் கையில் இருந்தது.

நடந்தது இதுதான். மழை விட்டு நான்கு நாளாகியும் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் வடியவில்லை. கால்வாய்க்கு மேல் போட்ட மூடிகள் பாதி உடைந்து கிடக்கின்றன. தண்ணீருக்கு அடியில் எது தரை, எது பள்ளம் என்று யாருக்கும் தெரியாது. படம் எடுத்து மனுவோடு கொடுத்தால் நடவடிக்கை எடுப்பார்கள் என்று எதிர்வீட்டு ஆட்டோ ஓட்டுநர் சேட்டு சொன்னான். எடுத்துக்கொண்டு போனேன். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் சத்யபிரியா என்று ஒரு இளம் பொறியாளர், நல்ல மாதிரியான பெண், படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதுல தண்ணி எது, ரோடு எதுன்னே தெரியலயே. எல்லாத்துலயும் பிங்க் கலர்ல என்னமோ மறைக்குது” என்றாள். அது என் விரல். “கொஞ்சம் கத்துக்கிட்டு, தெளிவா எடுத்துட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டாள்.

அப்படித்தான் மாடம்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடியில் கார்த்தி என்கிற தம்பி நடத்தும் புகைப்பட வகுப்பில் சேர்ந்தேன். மாணவர்கள் பதினொரு பேர். பல் செட் கட்டியவன் நான் ஒருவன்தான். திரையில் நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு கோடு போட்டுக்கொள்ள வேண்டுமாம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் ஆள் நிற்க வேண்டுமாம், நடுவில் நிறுத்தவே கூடாதாம். தண்ணீரும் வானமும் சேரும் கோடு சாயக் கூடாது, கண்ணை உறுத்தும் தட்டுமுட்டுச் சாமான்கள் படத்தில் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து மறுநாள் காலை வேலையை ஆரம்பித்தேன். சேட்டுவின் ஆட்டோ பாதி மூழ்கி நின்றது. கண்ணை உறுத்தியது. “சேட்டு, இத கொஞ்சம் தள்ளுப்பா, படத்துல அசிங்கமா விழுது” என்றேன். “இன்னா சார், வண்டி முழுகிக்கினு கீது, வூட்டுக்குள்ள பாம்பு வந்துகினு கீது, உனுக்கு அசிங்கமா விழுதா?” என்று கேட்டுக்கொண்டே தள்ளினான், நல்லவன். மிதந்த குப்பையை நானே துடைப்பக்கட்டையால் ஓரம் கட்டினேன். சூரியன் வந்தது, தென்னை மரம் தண்ணீரில் தலைகீழாய் நின்றது, எடுத்தேன்.

சத்யபிரியா பார்த்ததும் எழுந்தே விட்டாள். “ஐயா, சூப்பர்! எந்த ஏரி இது?” மற்றவர்களும் வந்து பார்த்தார்கள். ஒருவர் தன் கம்ப்யூட்டர் திரையில் அதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மனுவை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மறுபடி மழை, தெருவில் தண்ணீர் இன்னும் இரண்டு விரல் ஏறியிருந்தது.

கார்த்தியிடம் போனில் அழாத குறையாகச் சொன்னேன். “அங்கிள், படத்துல மனுஷங்களே இல்லயே. ஒரு ஆள நிறுத்துங்க, அப்பதான் ஆழம் தெரியும்” என்றான். அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை பால் பாக்கெட்டோடு தண்ணீரில் நடந்து வந்துகொண்டிருந்தாள். நில்லு என்றேன். “என்னங்க, முட்டி வலிக்குது, சீக்கிரம்” என்றாள். பார்த்தால் நட்டநடுவில் நிற்கிறாள். “ரெண்டடி இடது பக்கம் போ ரோஸி” என்றேன். நாற்பது வருடமாக நான் சொன்னதை அவள் உடனே கேட்டது அந்த ஒரு தடவைதான். போனாள். உடைந்த மூடி. மார்பளவுக்கு உள்ளே இறங்கிவிட்டாள்.

மாப்பிள்ளை, இனிமேல் எழுதப்போவதை நான் சபைப் போதகரிடம்கூடச் சொல்லவில்லை. அவள் கையை நீட்டினாள். நான் முதலில் பொத்தானை அமுக்கினேன். பிறகுதான் கையைக் கொடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, விரல் தானாக அமுக்கிவிட்டது. ஆனால் அவள் பார்த்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. “பாத்ரூம்ல விழுந்துட்டதா சொல்லிடறேன்” என்று அவளிடம் சொன்னேன். அன்றிலிருந்து ஒன்பது நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒற்றைக் கையால் சோறு வடித்து, எனக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். திட்டினால்கூடத் தேவலை போலிருக்கிறது. அந்தப் படத்தை அழிக்கவும் கை வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. எல்லாம் சாய்ந்து, கலங்கி, அவள் வாயைத் திறந்தபடி இருக்கிறாள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இரண்டு. கேமராவைத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்புகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். ரோஸியையும் அழைத்துப்போய் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே தண்ணீரோடு இருந்துகொள்கிறேன். அருள்மேரியிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். அவள் என்னை மதிக்க மாட்டாள். உங்கள் இருவரையும் கர்த்தர் மேடான இடத்திலேயே வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மாமா
ஞானையா

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். தபாலில் போடுவதற்குள் ரோஸி இதைப் படித்துவிட்டாள். விழுந்த அன்றைக்கே அருள்மேரிக்குப் போன் செய்து எல்லாம் சொல்லிவிட்டாளாம், உங்களுக்கும் தெரியுமாம், சேட்டு சொன்னான். பிறகு எதற்கு மாப்பிள்ளை குளியலறைக்கு ரப்பர் விரிப்பு வாங்கி அனுப்பினீர்கள்? இதுவும் சேட்டு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: முந்தாநாள் கேமராவை எடுத்துக்கொண்டு, ரிப்பேராகி வந்த அவன் ஆட்டோவிலேயே ரோஸி அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். சத்யபிரியா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “யாரும்மா எடுத்தது?” என்றாளாம். “எங்க வீட்டுக்காரரு.” “கை குடுக்காம எடுத்தாரா?” “எடுத்துட்டுக் குடுத்தாரு. அத விடுங்க, மூடி எப்ப போடுவீங்க?” என்றாளாம். இன்று காலை லாரியில் புது மூடிகளும் ஆறு ஆட்களும் வந்து இறங்கிவிட்டார்கள். ரோஸி எங்கேயும் வரவில்லை. கேமராவும் வராது, மாவுக்கட்டின்மேல் அதை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, போடுகிற ஒவ்வொரு மூடியையும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வெயிலாக இருக்கிறதே என்று குடையோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். “நகருங்க, மறைக்குது” என்றாள். ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான். நகர்ந்தேன்.