ரோமாபுரி வேட்டி

அகராதியில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவன் பிழைத்துக்கொள்வான். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதையும் படிக்கிறவனுக்கு என் கதிதான்.

எழுபதுகளின் கடைசியில், எழுத்தர் வேலை நேர்காணலுக்கு முந்தின மாலை, மதுரையில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து 'கேண்டிடேட்' என்ற சொல்லைத் தேடினேன். (அழைப்புக் கடிதத்தில் என்னை அப்படித்தான் குறிப்பிட்டிருந்தார்கள்.) லத்தீனில் 'கேண்டிடாட்டஸ்', அதாவது வெள்ளை உடுத்தியவன். ரோமாபுரியில் பதவிக்கு நிற்பவர்கள் சுண்ணம் தேய்த்துப் பளிச்சென்றாக்கிய ஆடையில் வருவார்களாம். இன்னும் கீழே போனால் 'ஒளிர்தல்' என்ற வேர். மெழுகுவத்தியின் ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து முளைத்ததுதான். எனக்குப் புல்லரித்தது. ஈராயிரம் ஆண்டு நடந்து, கடல் தாண்டி, பேரையூர் பாண்டியைத் தேடி ஒரு சொல் வந்திருக்கிறது! மரியாதை செய்ய வேண்டாமா?

மறுநாள் வில்லாபுரம் அறையில், நீலம் போட்ட வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நின்றேன். அறைத்தோழன் சோணை அலறினான்.

"மாப்ள, அம்புட்டுப் பேரும் பேண்ட் போட்டு வருவாய்ங்க. நீ என்ன, மாநாட்டுக்கா போற?"

"ரோம்ல இதான்டா முறை."

"நீ போறது தல்லாகுளம்டா!"

அலுவலக வாசலில் டவாலிச் சேவகர் என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். "வாங்கண்ணே. யாருக்காக வந்திருக்கீங்க?"

அழைப்புக் கடிதத்தை நீட்டினேன். பெயரைப் படித்தவர், மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். (லத்தீனின் மகிமை என்று உறிஞ்சினேன்.) பிறகு உள்ளே போய் அவர் சொன்னது வெளியே கேட்டது: "கட்சிக்காரர் ஒருத்தரு, பேரையூர் பாண்டிக்காக வந்திருக்காருங்கய்யா."

சிபாரிசு பிடித்தால் விண்ணப்பம் தள்ளுபடி. அழைப்புக் கடிதத்தின் கடைசி விதி அது. (பின்னாளில் எத்தனையோ பேருக்கு நானே எடுத்துக்காட்டிய விதி.) காப்பியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

"ஐயா, பாண்டியே நான்தான்!"

தேர்வுக்குழுத் தலைவரின் சிவப்புப் பேனா என் பெயருக்கு மேல் நின்றது. பதற்றத்தில் வேட்டிக்கு விளக்கமாக லத்தீன் வேரிலிருந்து தொடங்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். உண்மையாகவே அசந்துபோனார்.

"ஒரு சொல்லுக்குள்ள இம்புட்டு இருக்கா! சரி, அந்த வெள்ளையைக் கட்டிக்கிட்டு ரோம்ல என்ன செய்வாங்க?"

"வீதி வீதியாப் போய் ஆதரவு கேப்பாங்கய்யா."

"அதைத்தானப்பா இங்க கூடாதுங்கிறோம்" என்று என் பெயரின் மேல் சிவப்புக் கோடு கிழித்தார்.

லத்தீன் தெரியாத அந்த மனிதர்தான் அந்தச் சொல்லை என்னைவிட ஒழுங்காகப் புரிந்துகொண்டிருந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

பிறகு வேறோர் அலுவலகத்துக்குப் பழுப்புப் பேண்டில் போய் வேலை வாங்கினேன், ஓய்வும் பெற்றாயிற்று. இப்போது காலையில் வெள்ளை வேட்டியோடு சமையலறை வாசலில் போய் நின்றால், மனைவி திரும்பிப் பார்க்காமலே காப்பியை நீட்டிக்கொண்டு கேட்கிறாள்:

"யாருக்காக வந்திருக்கீங்க?"