பெரியவர் அறையில் பதினொரு தாள்

எனக்குப் பேய் பயம் கிடையாது. விளக்கு எரிகிற வரைக்கும் சத்தியமாகக் கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில், கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் தற்காலிக வேலை எனக்கு. "விஜயதசமிக்கு வயர் இல்லாம பிரிண்ட் வரோணுமுங்க அம்மணி. வந்துட்டா வேலை நிரந்தரம்," என்றார் முதலாளி. வராவிட்டால் வெள்ளகோவில் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். (மாப்பிள்ளை நல்லவர்தான். எனக்கு வேலை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.)

லேப்டாப்புக்கும் பிரிண்டருக்கும் கருஞ்சிவப்பாக ஒரு கண் உண்டு. எதிரெதிரே வைத்தால் நமக்குத் தெரியாத ஒளியில் பேசிக்கொள்ளும். அதற்கு லேப்டாப்பை ஓட்டுகிற லினக்ஸ் மென்பொருளின் அடித்தளமான கெர்னலில் அந்த வசதியைத் தேர்ந்தெடுத்து, கெர்னலையே புதிதாகக் கட்ட வேண்டும். ஒரு தடவைக்கு இருபது நிமிஷம். பிரிண்டர் இருந்ததோ முதலாளியின் அப்பா அறையில். பெரியவர் காலமாகி எட்டு மாதம்; கம்பெனியை முதலாளி விற்கப்போகிறார் என்று பட்டறையில் பேச்சு. மாலை போட்ட படம், மடித்து வைத்த மூக்குக்கண்ணாடி. அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை.

சோதித்துப் பார்ப்பதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தது நான்தான். பூஜை போட்டதைத் தொடக்கூடாதே, மறுநாள்தான் உட்கார்ந்தேன்.

'நான் வந்துட்டேன்' என்று ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினேன். பிரிண்டர் அசையவில்லை. கெர்னலைத் திருத்திக் கட்டினேன், அனுப்பினேன். மறுபடி கட்டினேன், அனுப்பினேன். மதியத்துக்குள் பதினொரு தடவை. பெரியவர் படத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை முட்ட, கதவைச் சாத்திவிட்டு முதலாளியை அழைத்துவரப் போனேன்.

திரும்பி வந்தபோது, சாத்திய கதவுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுப்பதுபோல 'கர்ர்' என்றது. பட்டறைக்கு அன்று லீவு, ஆள் அரவமே இல்லை. கதவைத் திறந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிரிண்டர் ஒரு தாளைத் தள்ளியது. 'நான் வந்துட்டேன்.' அடுத்தது: 'நான் வந்துட்டேன்.'

"அப்பா! கம்பெனிய விக்க மாட்டனுங்க!" என்று முதலாளி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நானும் விழுந்தேன். (பொறியியல் பட்டதாரி. முதல் வகுப்பு.)

விழுந்த இடத்தில், மூக்குக்கு நேராக, காய்ந்த சந்தனப் பொட்டு ஒன்று குங்குமத்தோடு கிடந்தது. நெற்றி என்று நினைத்துப் பிரிண்டரின் கண்ணில் அப்பியிருக்கிறேன்! காற்றில் காய்ந்து இப்போதுதான் உதிர்ந்திருக்கிறது. வரிசையில் காத்திருந்த பதினொன்றும் வந்துகொண்டிருந்தன.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடலாம். ஆனாலும் சொல்லிவிட்டேன். முதலாளி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வயர் இல்லாமத்தானுங்களே வந்துச்சு?"

"ஆமாங்க."

"அப்ப வேலை நிரந்தரம். நான் உழுந்தத மட்டும் வெளிய சொல்லிப்போடாதீங்க."

"கம்பெனி விக்கறதுங்க?"

"அதான் அப்பாகிட்டச் சொல்லிப்போட்டனே," என்றார், படத்தைப் பார்க்காமல்.

முதலாளி விழுந்ததைச் சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து, அந்த வெள்ளகோவில் மாப்பிள்ளையையே கட்டிக்கொண்டு அவரிடமும் சொன்னேன். தப்பு. இன்றைக்கும் வேலை முடிந்து வந்து, வாசலில் நின்று, தாள் தள்ளுகிற குரலில் "நான் வந்துட்டேன்" என்று பதினொரு தடவை சொல்கிறார். எண்ணிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். பன்னிரண்டாவது கேட்டால் திறப்பதாக இல்லை.