அந்தப் பழைய முரசையே போடுங்கள்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், என் மனைவி, மகள், மாப்பிள்ளை, நாய், வயதான தொலைக்காட்சிப் பெட்டி எல்லோரும் சுகம். தங்கள் சுகத்தைத்தான் தினமும் திரையில் பார்க்கிறோமே, அதனால் தனியாக விசாரிக்கவில்லை.

விஷயம் அந்த வேலித் தலைவரைப் பற்றியது. "வெளியில இருந்து வந்தவங்க வெளியேதான் போகணும்" என்று நாட்டைச் சுற்றி வேலி போடக் கிளம்பியிருக்கிறாரே, அவர்தான். முதல் தடவை அவரைக் காட்டியபோது பின்னால் முரசு அதிர்ந்தது, கீழே சிவப்பு எழுத்தில் 'வெறிப்பேச்சு' என்று ஓடியது, எங்கள் நாய் கட்டிலுக்கடியில் பதுங்கிவிட்டது. அப்புறம் 'சர்ச்சைப் பேச்சு' என்று போட்டு முரசைக் கொஞ்சம் அடக்கினீர்கள். அப்புறம் அது 'மனம் திறந்த பேச்சு' ஆயிற்று. இப்போது மத்தியானத்தில் மடியில் பூனையை வைத்துத் தடவிக்கொண்டே அதே வாக்கியத்தைச் சொல்கிறார், பின்னால் புல்லாங்குழல். நாய் வெளியே வந்து வாலாட்டுகிறது. நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன், ஐயா. வண்டி வராது என்பதையே தாலாட்டாகச் சொல்லி ஜனங்களைப் பெஞ்சில் தூங்கவைத்த தொண்டை இது. தொழில் தெரிந்த நானே ஏமாந்தேனே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

போன செவ்வாய்க்கிழமை உண்ட மயக்கம், ஜன்னல் வெயில், உங்கள் புல்லாங்குழல், அதற்குத் தாளம் போடுகிற மாதிரி மின்விசிறி, கண் செருகிவிட்டது. பார்த்தால் தலைவர் எங்கள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பூனை என் மடியில். மாப்பிள்ளை டீ கொண்டுவருகிறார். அவர் கடல் தாண்டி வந்தவர், நம்ம பாஷையை என்னைவிடச் சுத்தமாகப் பேசுவார். தலைவர் சிரித்த முகமாக, "தம்பி, நீங்க கிளம்புங்க" என்றார். எனக்கு ஒன்றுமே தப்பாகப் படவில்லை, என்னத்தைச் சொல்ல, அத்தனை இதமாக இருந்தது. "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க மாப்பிள்ளை, பூனை வெளிய ஓடிடும்" என்றேன். மகள் போட்ட சத்தத்தில்தான் விழித்தேன். கனவில் சொன்னதை வாய்விட்டே சொல்லித் தொலைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. மாப்பிள்ளை டீத் தட்டோடு வாசற்படிக்கு வெளியே நிற்கிறார், கதவு முக்கால்வாசி சாத்தியிருக்கிறது. "மாமா, டீயை உள்ள வச்சிட்டுப் போகவா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்னும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. மகள் பயணப் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்திருக்கிறாள். துணி இன்னும் அடுக்கவில்லை.

ஆகையால் அவர் வரும்போது அந்தப் பழைய முரசையே போடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பூனையை வேண்டுமானால் தனியாகக் காட்டுங்கள், அது என்ன பாவம் செய்தது?

தங்கள் வீட்டார் அனைவரும் வாசற்படிக்கு உள்ளேயே இருந்து நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
ஓய்வு பெற்ற அறிவிப்பாளன்.

பி.கு.: கடிதத்தை வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினேன். மனைவி கொட்டாவி விட்டாள். மாப்பிள்ளை, "ரொம்ப நல்லா இருக்கு மாமா, கேட்டா தூக்கம் வருது" என்றார். மகள்தான், "அப்பா, நீங்களும் புல்லாங்குழல்தான் ஊதியிருக்கீங்க" என்றாள். ஆகவே மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். இதை மட்டும் பின்னணி எதுவும் இல்லாமல் வாசியுங்கள்: அந்த ஆள் என் மாப்பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தப் பார்க்கிறான். நானும் தூக்கத்தில் கதவைச் சாத்தச் சொன்னேன்.